வோட்டுக் கணக்கும் ஸ்தானக் கணக்கும்

தேர்தல் முடிவு வெளியாகும் ஒவ்வொரு தடவையும் நம் பத்திரிகைகளில் இரண்டு கணக்குகள் அச்சாகின்றன. ஒன்று ஸ்தானக் கணக்கு. அதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மற்றொன்று வோட்டுக் கணக்கு. அது உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். தோற்றுப்போனவர்கள் மட்டுமே அந்த மூலையைத் தேடிப் படிப்பார்கள். படித்துவிட்டு, "இந்தத் தேர்தல் முறையே பிசகு, உடனே மாற்றியாக வேண்டும்" என்று அறிக்கை விடுவார்கள். அடுத்த தேர்தலில் அவர்களே ஜயித்துவிட்டால் அந்த அறிக்கை என்ன ஆயிற்று என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

அறிக்கையில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2014-ம் வருஷத்து லோக்சபைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. பெற்ற வோட்டு நூற்றுக்கு 23-க்கும் மேல். பெற்ற ஸ்தானம் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு 44 பெற்ற அ.தி.மு.க.வுக்கு 39-ல் 37 கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்துச் சக்கரம் சுழன்றது, 2019-ல் அ.தி.மு.க.வுக்கு ஒரே ஒரு ஸ்தானம். அகில இந்தியாவை எடுத்துக்கொண்டாலும் 2014-ல் பாரதீய ஜனதா கட்சி நூற்றுக்கு 31 வோட்டில் 282 ஸ்தானங்களைப் பெற்றது. 1984-ல் காங்கிரஸ் பாதிக்குச் சற்றுக் குறைந்த வோட்டில் 400-க்கு மேல் பெற்றது. ஆகவே, "வோட்டு எவ்வளவோ அவ்வளவுக்கே ஸ்தானம் என்ற விகிதாசார முறைக்கு நாமும் மாறிவிட்டால் என்ன?" என்று நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருப்பதில் ஆச்சரியமில்லை. ஒரு வரியில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் எழுதும்படியும் கேட்டிருக்கிறார். அது மட்டும் முடியாது.

முதலில் இப்போதுள்ள முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஒரு பிரதிநிதியாகப் பத்து வகுப்புகளிலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் 21 பிள்ளைகள் ஒரு பக்கமும் 19 பிள்ளைகள் மறுபக்கமும் கை தூக்கினால், பத்துப் பிரதிநிதிகளும் ஒரே பக்கத்தவராக வந்து உட்காருவார்கள். 190 பிள்ளைகளுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். இதில் கள்ள வோட்டு இல்லை, லஞ்சம் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. ஆனால் அந்த 190 பிள்ளைகளும் சிதறிக் கிடக்காமல் நான்கைந்து வகுப்புகளில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், அந்த வகுப்புகள் அவர்களுடையவை ஆகியிருக்கும். இந்த முறையில் எத்தனை பேர் என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பெரிது.

இந்தச் சிறு கணக்கு ஒரு தேசத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கு அப்பால் கடலைத் தாண்டினால் போதும். ஒரே தேசம் இரண்டு முறைகளையும் கையாண்டு பார்த்திருக்கிறது; அதனால் வந்த நன்மையும் தீமையும் அச்சில் இருக்கின்றன.

1970-ம் வருஷம் மே மாதம் இலங்கையில் பொதுத் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு நூற்றுக்கு 37.9 வோட்டு. ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவின் சுதந்திரக் கட்சிக்கு 36.9. அதிக வோட்டுப் பெற்ற கட்சிக்கு 17 ஸ்தானம். குறைந்த வோட்டுப் பெற்றதற்கு 91! அவசரப்பட்டு அநியாயம் என்று கூவிவிடக் கூடாது. சுதந்திரக் கட்சி சமசமாஜக் கட்சியுடனும் கம்யூனிஸ்டுக் கட்சியுடனும் உடன்படிக்கை செய்துகொண்டு, தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டது. மூவரின் வோட்டையும் கூட்டினால் நூற்றுக்கு 49 ஆகிறது. அப்படிப் பார்த்தாலும், பாதிக்குக் குறைந்த வோட்டில் 151 ஸ்தானங்களில் 116 கிடைத்தது என்பது மிச்சம்.

அந்த 116-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அரசியல் நிர்ணய சபை கூட்டிப் புதிய சாசனம் எழுதினார்கள். சிறுபான்மையோருக்குக் காப்பாகப் பழைய சாசனத்தில் இருந்த 29-வது பிரிவு போயிற்று. தமிழரசுக் கட்சியார் 1971-லேயே சபையை விட்டு வெளியேறிவிட்டார்கள். 1972-ல் சாசனம் அமுலுக்கு வந்தது. அதோடு, அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஐந்து வருஷம் என்று எண்ணிக்கொண்டதால், 1975-ல் வரவேண்டிய தேர்தல் 1977-க்குத் தள்ளிப்போயிற்று. புதிய சாசனத்தைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்று காட்டுவதற்காக ஸ்ரீ செல்வநாயகம் 1972-ல் காங்கேசன்துறை ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்தார். இடைத்தேர்தலில் மீண்டும் நின்று ஜனங்களின் தீர்ப்பைக் கேட்பது அவர் எண்ணம். அந்த இடைத்தேர்தல் 1975 பிப்ரவரியில்தான் நடந்தது, பெருவாரியாக ஜயித்தார்.

1977 ஜூலையில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. சுதந்திரக் கட்சியின் வோட்டு 36.9-லிருந்து 29.7-க்கு இறங்கியது. நூற்றுக்கு ஏழு பேர் கை மாறினார்கள், அவ்வளவே. ஸ்தானமோ 91-லிருந்து 8-க்கு இறங்கியது. ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 50.9 வோட்டுக்கு 168-ல் 140 ஸ்தானம் பெற்றது. ஆறில் ஐந்து பங்கு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குத் தேசம் முழுவதிலுமாக நூற்றுக்கு ஏழுக்கும் குறைந்த வோட்டு. ஆனால் அவை வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால் 18 ஸ்தானம். எட்டைவிடப் பதினெட்டுப் பெரிதல்லவா? எனவே ஸ்ரீ அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கோரி வோட்டுக் கேட்டு வந்த கட்சி, கொழும்புப் பார்லிமெண்டில் பிரதான எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜனங்களின் வோட்டைப் பெற்ற சிங்களக் கட்சி எட்டுப் பேருடன் ஒரு மூலையில் இருந்தது. எந்த நாவலாசிரியரும் இப்படிக் கற்பனை செய்யத் துணியமாட்டார்.

ஆறில் ஐந்து பங்கைக் கையில் வைத்திருந்த ஸ்ரீ ஜயவர்த்தனா என்ன செய்தார்? தமக்கு அந்தப் பேரதிர்ஷ்டத்தைக் கொடுத்த முறையையே எடுத்துவிட்டார். 1978-ம் வருஷத்துச் சாசனம் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. இதைத் தியாகம் என்று சிலர் புகழ்ந்தார்கள். வேறு சிலர், 'இனி எவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எளிதில் கிட்டாது. ஆகவே தாம் எழுதிய சாசனத்தை எவரும் மாற்ற முடியாது என்று ஏணியில் ஏறியவர் ஏணியை எடுத்துவிட்டார்' என்றார்கள். இரண்டாவது அபிப்பிராயமே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், புதிய முறையைச் சட்டத்தில் எழுதிவிட்டு, அதன்படி பார்லிமெண்டுத் தேர்தலைப் பதினொரு வருஷம் நடத்தாமல் இருந்துவிட்டார்கள்.

அதற்கு ஏற்பட்ட உபாயம் 1982 டிசம்பர் 22-ந் தேதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பு. பார்லிமெண்டின் ஆயுளை இன்னும் ஆறு வருஷம் நீட்டலாமா என்பது கேள்வி. 'ஆம்' என்போருக்கு விளக்குச் சின்னம். 'இல்லை' என்போருக்குக் குடம். விளக்குக்கு நூற்றுக்கு 54.7 வோட்டு விழுந்தது. யாழ்ப்பாண ஜில்லாவில் மிகப் பெரும்பாலோர் குடத்துக்கே போட்டார்கள். விகிதாசாரப்படி தேர்தல் நடந்திருந்தால் அந்த 54.7-க்கு ஆறில் ஐந்து பங்கு எக்காலத்திலும் கிடைத்திராது. பழைய கணக்கில் கிடைத்த ஸ்தானங்களைப் புதிய கணக்குக்கு உட்படுத்தாமல் அப்படியே காப்பாற்றிக்கொண்டார்கள்.

பிறகு வந்தது 1983. ஜூலைக் கலவரத்தைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. அதை அடுத்து ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டுக் கோரிக்கையை மறுத்து எல்லா அங்கத்தினரும் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும் என்றது அது. கூட்டணியினர் செய்யவில்லை; ஸ்தானங்களை இழந்தார்கள். தமிழ்ப் பகுதிகளின் குரல் சபையில் மிகவும் அவசியமாயிருந்த வருஷங்களில், அந்த ஆசனங்களில் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. தேர்தல் முறைதான் யுத்தத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. யுத்தத்துக்கு வேர்கள் பல. ஆனால் பேசித் தீர்க்கவேண்டிய மண்டபத்தில் பேசவேண்டியவர்கள் இல்லாமற் போனதற்கு 1970, 1977 வருஷத்துக் கோணல் கணக்குகள் பெரிதும் உதவின.

புதிய முறைப்படி முதல் பார்லிமெண்டுத் தேர்தல் 1989 பிப்ரவரியில், இரத்தக் களரிக்கு நடுவே நடந்தது. அதன் முடிவைக் கணக்கு உபாத்தியாயர்கள் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.7 வீதம்; அதாவது 1977-ல் பெற்றதேதான். ஸ்தானம் 225-ல் 125. சுதந்திரக் கட்சிக்கு 31.9 வீதம், ஸ்தானம் 67. முன்பு ஏறக்குறைய அதே வோட்டுக்கு எட்டு!

இத்துடன் கதை முடிந்திருந்தால் நேயருக்கு 'ஆம்' என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

விகிதாசார முறையில் பழைய தொகுதி மறைந்து, முழு ஜில்லாவும் ஒரு தொகுதி ஆகிவிட்டது. 22 தேர்தல் ஜில்லாக்களிலிருந்து 196 பேர். தேசம் முழுவதற்கும் பொதுவான ஜாபிதாவிலிருந்து 29 பேர். வோட்டர் முதலில் ஒரு கட்சிக்கு அடையாளம் இடுகிறார். பிறகு அக்கட்சியின் அபேட்சகர்களில் மூன்று பேருக்கு மேற்படாமல் தாம் விரும்புபவருக்கு அடையாளம் இடலாம். இதை 'விருப்பு வாக்கு' என்கிறார்கள். ஜனங்களுக்கு அதிக சுதந்திரம் கொடுக்கும் ஏற்பாடு என்றுதான் தோன்றும். நடந்தது என்னவென்றால், ஒரே கட்சி அபேட்சகர்கள் ஒருவரோடொருவர் போர் தொடுத்தார்கள். எதிர்க்கட்சிக்காரருடைய சுவரொட்டியின் மேல் ஒட்டுவதைவிட, தம் கட்சிக்காரருடைய சுவரொட்டியின் மேல் ஒட்டுவதே அதிக லாபம் ஆயிற்று. ஒரு சிறு தொகுதியில் நடந்தே வோட்டுக் கேட்கக் கூடியவர் இப்போது ஒரு ஜில்லா முழுதும் அலையவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாத நல்லவர் வீட்டிலிருந்துவிட்டார். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்றால், ஜில்லாவுக்குப் பத்து மெம்பர்கள் இருப்பார்கள். நம் ஊருக்கு என்று ஒருவர் இருக்கமாட்டார். நம் வீட்டுப் பெண்மணிகள் இந்தக் குறையை அற்பம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நானும் ஒப்பவில்லை.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. 1978-ல் எழுதியபடி, ஒரு ஜில்லாவில் நூற்றுக்கு 12½ வோட்டுப் பெறாத கட்சிக்கு அங்கே ஸ்தானமே கிடையாது. விகிதாசாரம் என்று பெயர். வாசலில் இவ்வளவு உயரமான படி! 1988-ல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். சிதறி வாழும் முஸ்லிம்களின் கட்சிக்கும் மற்றச் சிறு கட்சிகளுக்கும் அதன் பிறகே பல ஜில்லாக்களில் கதவு திறந்தது. சட்டத்தின் பெயரைவிட அதற்குள் மறைந்திருக்கும் ஒரு எண் பெரிய காரியம் செய்துவிடுகிறது.

மூன்றில் இரண்டு பங்கு எவருக்கும் கிட்டாது என்ற ஜயவர்த்தனாவின் எண்ணமாவது பலித்ததா? அதுவும் இல்லை. 2010-ல் ராஜபக்ஷாவின் அணி 144 ஸ்தானம் பெற்றது. வேண்டிய மிச்சத்தை எதிர்வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகக் கூடாது என்ற விதியை அதே வருஷம் செப்டம்பரில் எடுத்துவிட்டது. 2024-ல் தேசிய மக்கள் சக்தி நூற்றுக்கு 61-க்கு மேல் வோட்டுப் பெற்று, 159 ஸ்தானங்களுடன், யாரையும் இழுக்காமலேயே மூன்றில் இரண்டைத் தாண்டியது. ஜனங்கள் உண்மையாகவே ஒரு பக்கம் திரண்டால் எந்த முறையும் தடுக்காது, தடுக்கவும் கூடாது.

இலங்கைக்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று நியூஸிலாந்து. அங்கே 1978-லும் 1981-லும் தொழிற்கட்சி அதிக வோட்டுப் பெற்றும், நேஷனல் கட்சியே அதிக ஸ்தானம் பெற்று ஆண்டது. 1981-ல் நூற்றுக்கு 20-க்கு மேல் வோட்டுப் பெற்ற ஒரு மூன்றாங் கட்சிக்கு 92-ல் இரண்டே ஸ்தானம். சர்க்கார் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. அது 1986-ல் யோசனை சொல்லிற்று. 1992-ல் ஜனங்களைக் கேட்டார்கள். வோட்டளித்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள். அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு முறை, பழைய முறையையும் புதிய முறையையும் எதிரெதிரே வைத்துக் கேட்டார்கள். 54 பேர் புதியது என்றார்கள். அதன்படி வோட்டருக்கு இரண்டு வோட்டு: ஒன்று தம் ஊர்த் தொகுதி மெம்பருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சி வோட்டின் விகிதம் சபை முழுவதிலும் சரியாக அமையும்படி ஜாபிதாவிலிருந்து ஆட்களைச் சேர்க்கிறார்கள். தொகுதியும் போகவில்லை, கணக்கும் கோணவில்லை. 1996-ல் நடந்த முதல் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், 17 பேரை வைத்திருந்த ஒரு கட்சி இரண்டு மாத காலம் இரு பக்கமும் பேரம் பேசியபோது ஜனங்கள் முகம் சுளித்தது உண்மை. ஆயினும் 2011-ல் மூன்றாம் முறை கேட்டபோது, நூற்றுக்கு 58 பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள்.

இனி நம் தேசம். 1949 ஜனவரியில் நமது அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரச்னை வந்தது. விகிதாசார முறை வேண்டும் என்று காஜி சையத் கரீமுத்தீன் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கார் இரண்டு ஆட்சேபம் சொன்னார்: எழுத்தறிவு பரவாத தேசத்தில் இம்முறை நடவாது; கட்சிகள் பல்கி மந்திரிசபைகள் நிலையாமல் கவிழும். முதல் ஆட்சேபத்துக்கு அன்று இருந்த பலம் இன்று இல்லை. அன்று நூற்றுக்கு இருபது பேருக்குக்கூட எழுத்துத் தெரியாது. 2011 ஜனக்கணக்குப்படி 74 பேருக்குத் தெரியும். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் உயிரோடிருக்கிறது. பழைய முறையை வைத்துக்கொண்டே 1989 முதல் 2014 வரை நாம் கூட்டு மந்திரிசபைகளைப் பார்த்துவிட்டோம் என்பதால், அதைக் கேட்டு முன்போல் நடுங்க வேண்டியதில்லை.

என் சொந்த அபிப்பிராயம் இது. தொகுதியை எடுத்துவிடும் எந்த மாற்றமும் நமக்கு வேண்டாம். 1999-ல் நம் சட்டக் கமிஷன் சொன்னதுபோல், இருக்கும் தொகுதிகளை அப்படியே வைத்து, நான்கில் ஒரு பங்கு ஸ்தானங்களைக் கூட்டி, அவற்றைக் கட்சிகளின் வோட்டு விகிதப்படி நிரப்பலாம். நூற்றுக்கு 23 பேர் ஒரு பக்கம் இருந்தும் சபையில் ஓர் ஆளும் இல்லை என்ற அவலம் அதனால் தீரும். ஜாபிதாவில் யார் பெயரைப் போடுவது என்பது கட்சி ஆபீஸில் தீர்மானமாகும். தலைவரின் மைத்துனரும் மருமகனும் முதல் இரண்டு வரியில் இருப்பார்கள் என்று இப்போதே ஜோசியம் சொல்லலாம். அதற்குப் பரிகாரம் தேடாமல் இறங்கக் கூடாது. ஜயித்த கட்சி தன்னந்தனியே தீர்மானிக்காமல், நியூஸிலாந்தில் போல் ஜனங்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்.

புதிய முறை தயாராகும் வரை பழைய முறைப்படியே தேர்தல் உரிய தேதியில் நடந்தாக வேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் முதல் ஷரத்தாக எழுத வேண்டும். இதற்கும் இலங்கையே சாட்சி. 2017-ல் மாகாண சபைகளுக்குக் கலப்பு முறை என்று சட்டம் செய்தார்கள். எல்லை வகுத்த அறிக்கையை 2018-ல் பார்லிமெண்டு நிராகரித்துவிட்டது. பழைய முறை சட்டத்தில் இல்லை; புதிய முறை நடைமுறையில் இல்லை. போர் ஓய்ந்த பின் வடமாகாணத்தார் 2013-ல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த சபை 2018-ல் காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் வருஷக்கணக்காக அங்கே தேர்தல் இல்லை. கவர்னரே நிர்வாகத்தைப் பார்த்துவந்தார்.

நேயரின் கடிதத்தில் பின்குறிப்பு ஒன்று உண்டு: 1, 2, 3 என்று வரிசை எண் இட்டு வோட்டுப் போடும் முறை நம் ஜனங்களுக்குப் புரியுமா என்கிறார். நம் ராஜ்யசபை அங்கத்தினரையும் ராஷ்டிரபதியையும் அவ்வாறுதான் தேர்ந்தெடுத்து வருகிறோம். 1969-ல் முதல் எண்ணிக்கையில் ஸ்ரீ வி. வி. கிரிக்கு வேண்டிய பாதி கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த ஸ்ரீ தேஷ்முக்கின் சீட்டுகளைப் பிரித்து இரண்டாம் எண்ணைப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஸ்ரீ சஞ்சீவ ரெட்டிக்கே போயின. ஆனாலும் முதலில் இருந்த முன்னிலை கைகொடுத்தது. கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427.